நூற்றுப் பன்னிரண்டு

வூட்ஜ் நகரம், பவூட்டிப் பகுதி.
நவம்பர். நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
தோளில் தொங்கும் சோதனைக் கருவி நாலரைக் கிலோ;
மூன்றாம் மாடி தாண்டும்போது ஒன்பது.

கதவைத் திறந்தவர் ஃபெலிட்சியா.
திரைச்சீலை தைப்பவர்.
உதட்டில் கவ்வியிருந்த இரண்டு குண்டூசிகளை எடுத்த பிறகுதான்
வாருங்கள் என்றார்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சடங்கு.
மெயினை அணைத்துவிட்டு, ஐந்நூறு வோல்ட்டை உள்ளே விட்டு
கம்பிகளின் தோலைத் தட்டிப் பார்ப்பேன்.
இருநூறு மெகா ஓம் என்றால் குழந்தைத் தோல்.
இங்கே ஆறு.
ஒன்றுக்குக் கீழே போகாதவரை தேர்ச்சிதான்.
எழுதிக்கொண்டேன்.

குளியலறை வாசலில் நிறுத்தினார்.
"சிரிக்கக் கூடாது" என்றார்.
"குழாயும் சலவை இயந்திரமும்
ஒரே நேரத்தில் கையில் பட்டால்
எறும்பு ஊர்கிறது.
சில நாள் எறும்பு.
சில நாள் கட்டெறும்பு."

கணவர் வாத்ஸ்வாவ் தொட்டுப் பார்த்தாராம்.
டிராம் டிப்போவிலிருந்து வந்த நேரே,
காய்ந்த கை, தடித்த பூட்ஸ்.
ஒன்றுமில்லை என்றாராம்.
வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் ஒரு பல்பைச் செருகி
எரிகிறதே, இன்னும் என்ன என்றானாம்.
மருத்துவர்
தூக்கம் எப்படி என்று கேட்டாராம்.
பச்சை மாத்திரை.
பாதி பாதியாக உடைத்து, பதினான்கு மாதம்.

நான் சிரிக்கவில்லை.
ஒரு முனை குழாயில்.
மறு முனை இயந்திரத்தின் முதுகில்,
பெயின்ட் உரிந்த ஒரு திருகில்.

112.

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
தூக்கிவிட்டு, மறுபடி இறக்கிப் பார்த்தார்.
சிரித்தார்.
எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று:
தீ, விபத்து, ஆம்புலன்ஸ் என்றால்
இங்கே எல்லோரும் அழைக்கும் எண் அது.
"பதினான்கு மாதமாக மணி அடித்திருக்கிறது,
ஒருத்தரும் எடுக்கவில்லை" என்றார்.

பிளக் பாயின்டைக் கழற்றினேன்.
எர்த் முள் பளபளவென்று நீட்டிக்கொண்டுதான் இருந்தது.
பின்னால் திருகு. திருகில் கம்பி.
மஞ்சளும் பச்சையுமாய், சட்டப்படியான நிறம்,
ஒரு விரல் நீளம்.
அவ்வளவுதான்.
மண்வரை போக வேண்டியது
பெட்டிக்குள்ளேயே மடங்கிப் படுத்திருந்தது.
எவனோ ஒருவன் வெள்ளிக்கிழமை மாலை
வீட்டுக்குப் போகும் அவசரத்தில்
வெட்டி வைத்த துண்டு.

மின்சாரம் போக வழி கேட்கும்.
அந்த வீட்டில் திறந்திருந்த ஒரே வழி
துணி பிழிந்த கை.

"அப்படியானால் நரம்பு இல்லையா?"

"இல்லை. இருநூற்று முப்பதில் கிட்டத்தட்டப் பாதி.
இயந்திரத்துக்குள் ஒரு வடிகட்டி இருக்கும்,
அது கொஞ்சம் கசியவிடும்,
எர்த் இருந்தால் தெரியவே தெரியாது..."
நிறுத்திக்கொண்டேன்.
அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
அளவு நோட்டில், யாரோ ஒருவருடைய ஜன்னலின்
நீள அகலங்களுக்குக் கீழே
எழுதிக்கொண்டிருந்தார்:
தேதி, மணி, வோல்ட்,
என் கருவியின் வரிசை எண்கூட.

சிவப்புச் சீட்டு ஒட்டி இயந்திரத்தைப் பூட்டிவிட்டுப் போனேன்.
அடுத்த புதன்கிழமை புதுக் கம்பி,
புது டிரிப் சுவிட்ச்.
கசிவைக் கண்டதும் விழ
முந்நூறு மில்லி செகண்ட்வரை மன்னிப்பு உண்டு.
பத்தொன்பதில் விழுந்தது.
விழுந்த சத்தத்துக்கு
அடுத்த அறையில் வாத்ஸ்வாவ் இருமினார்.

ஃபெலிட்சியா கையை நனைத்துக்கொண்டார்.
துடைக்கவில்லை.
ஒன்று குழாயில். ஒன்று இயந்திரத்தில்.
கண்ணை மூடிக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல நெடுநேரம் நின்றார்.
முழங்கை வழியே தண்ணீர் சொட்டியது.

"ஒன்றுமில்லை" என்றார்.
அடுத்த அறைக்கும் கேட்கும்படி, இன்னொரு முறை.

இரண்டு அறிக்கைகளை மேசையில் வைத்தேன்.
தேறியதை வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொன்னார்.
தேறாததைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.
பச்சை மாத்திரை டப்பா இருந்த அலமாரிக் கதவில்
இரண்டு குண்டூசியால் குத்தினார்,
எண் இருக்கும் பக்கம் வெளியே தெரிய.